விடுமுறைக் காலத்து மதியச் சாப்பாடும் நாம் அனுப்பும் அழைப்பும்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கம் கூடிப் பேசியபோது பல யோசனைகள் வந்தன. அவற்றுள் ஒன்று, ஓகஸ்ட் விடுமுறையில் கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பது. மண்டபம் இருக்கிறது. குசினி இருக்கிறது. சமைக்க முன்வந்த அம்மாமார் இருக்கிறார்கள். காசும் சேர்ந்து வருகிறது. எங்களிடம் கேட்கப்பட்டது ஒரேயொரு கேள்விதான்: இதை இணையத்தில் எப்படிப் பரப்புவது?

எங்களிடம் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கல்லூரியில் படித்து இன்று இங்கிலாந்தில் மருத்துவர்களாக இருக்கும் சிலர், சில வருடங்களாக அங்குள்ள ஒரு விடுமுறைக்கால உணவு மண்டபத்தில் ஓய்வு நாட்களில் உதவி செய்து வருகிறோம். மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும் சொல்லப்போவது எல்லோரும் சேர்ந்து கண்டது. ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

முதலில், விடுமுறையில் ஏன் சாப்பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். பாடசாலை நாட்களில் பிள்ளைக்கு ஒரு நேரச் சாப்பாடு வெளியே கிடைக்கிறது. இலங்கையில் பாடசாலைச் சத்துணவுத் திட்டம் 2024 இல் அரச பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்குமாக விரிவாக்கப்பட்டது. பாடசாலை பூட்டினால் அந்தப் பானையும் அடுப்பிலிருந்து இறங்கிவிடும். வீட்டில் அரிசிப்பானை அந்த மாதம் மட்டும் பெரிதாகிவிடுவதில்லை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக ஏறியது. பின்னர் அந்த வேகம் தணிந்தது உண்மை. ஆனால் வேகம் தணிவதும் விலை பழைய இடத்துக்குத் திரும்புவதும் ஒன்றல்ல என்பது சந்தைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும்.

இது வறிய நாடுகளுக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா 1968 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1975 முதல் தனித் திட்டமாகக் கோடைகால உணவு வழங்கி வருகிறது. அதில் எங்களுக்குப் பிடித்தது 'திறந்த இடம்' என்ற முறை. ஒரு பகுதியிலுள்ள பிள்ளைகளில் பாதிப்பேராவது பாடசாலையில் இலவச உணவுக்கோ விலை குறைத்த உணவுக்கோ உரியவர்களாக இருந்தால், அந்தப் பகுதியில் ஒரு பாடசாலையோ நூலகமோ பூங்காவோ சாப்பாட்டு இடமாகலாம். அங்கே 18 வயது வரையுள்ள எந்தப் பிள்ளையும் நடந்து வந்து சாப்பிடலாம். பெயர் பதிவதில்லை. அடையாள அட்டை கேட்பதில்லை. கிட்ட உள்ள இடம் எது என்று அறியக் கைத்தொலைபேசியில் ஒரு சொல்லை 304-304 என்ற இலக்கத்துக்கு அனுப்பினால் போதும். ஆங்கிலத்திலும் அனுப்பலாம், ஸ்பானிய மொழியில் 'கொமிடா' என்றும் அனுப்பலாம்.

இவ்வளவு இருந்தும், பாடசாலையில் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கோடையில் இந்த இடங்களுக்கு வருவதில்லை. வராத காரணங்கள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தெரியாது, தூரம், வெட்கம். தூரத்துக்கு வாகனம் வேண்டும். மற்ற இரண்டுக்கும் நாம் அனுப்பும் செய்திதான் மருந்து. சரியாக எழுதாவிட்டால் அதே செய்தி வெட்கத்தைக் கூட்டியும் விடும்.

இங்கிலாந்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இந்த விடயம் இணையத்திலேயே வளர்ந்தது. 2020 யூன் 15 ஆம் திகதி, மஞ்செஸ்ரர் யுனைற்றட் கழகத்தின் உதைபந்தாட்ட வீரர் மார்க்கஸ் ரஷ்போர்ட், அப்போது 22 வயது இளைஞர், பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். தன் தாய் முழுநேரம் உழைத்தும் வீட்டில் சாப்பாடு போதாமல் இருந்ததையும், பாடசாலைச் சாப்பாட்டை நம்பித் தாங்கள் வளர்ந்ததையும் ஒளிக்காமல் எழுதினார். மறுநாளே அரசாங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அந்தக் கோடையில் ஆறு கிழமைகளுக்கும் கிழமைக்கு 15 பவுண் வீதம் உணவுச் சீட்டு வழங்கப்பட்டது.

ஒக்ரோபரில் அதே கேள்வி மீண்டும் வந்தது. விடுமுறைகளிலும் உணவு தொடர வேண்டும் என்ற பிரேரணை 261 இற்கு 322 என்ற வாக்குகளால் தோற்றது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பாடம். சிறிய தேநீர்க் கடைகள், மீன்பொரியல் கடைகள், உள்ளூராட்சி சபைகள், தேவாலயங்கள் என்று ஒவ்வொருவராக "எங்கள் கடைக்குப் பிள்ளைகள் வரலாம்" என்று ருவிற்றரில் எழுதத் தொடங்கினார்கள். ரஷ்போர்ட் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தன் பக்கத்தில் பகிர்ந்துகொண்டே இருந்தார். அவற்றுள் எங்கள் மனதில் நின்றவை சிறு கடைக்காரர் எழுதிய இரண்டு மூன்று வரிக் குறிப்புகள். பிள்ளையின் மதியச் சாப்பாட்டுப் பை வாசலில் இருக்கும், வந்து எடுத்துப் போங்கள், ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம் என்பதுதான் அவற்றின் பொருள். அந்த மாதிரி வரிகளைப் படித்த தாய் எழுந்து போனாள்.

அடுத்த வருடம், 2021 இல், 2018 முதல் சில இடங்களில் பரீட்சித்துப் பார்த்த ஒரு திட்டம் இங்கிலாந்து முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'விடுமுறைச் செயற்பாடுகளும் உணவும்'. கோடையில் நான்கு கிழமை, கிழமைக்கு நான்கு நாள், நாளுக்கு நான்கு மணித்தியாலம். பாடசாலையில் வருமான அடிப்படையில் இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்கு இது இலவசம். பெயரில் செயற்பாடு முதலாவதாகவும் உணவு இரண்டாவதாகவும் இருப்பதைக் கவனியுங்கள். பிள்ளை வீட்டிலிருந்து புறப்படும்போது "விளையாடப் போறன்" என்று சொல்லிவிட்டுப் புறப்படலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை "எங்கை போறாய்?" என்று கேட்டால் அந்தப் பதிலில் தலை குனிய ஒன்றுமில்லை.

நாங்கள் உதவும் மண்டபம் இந்த ஏற்பாட்டில் இயங்கும் ஒன்று. அது இருக்கும் பகுதியில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆயினும் தொடக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகளை அங்கே காண்பது அரிதாக இருந்தது. அதே குடும்பங்களை நாங்கள் மருத்துவ நிலையத்தில் தினமும் காண்கிறோம். அப்பா இரவு வேலை, அம்மா அதிகாலையில் துப்புரவு வேலை. பிள்ளைகள் விடுமுறை முழுவதும் வீட்டுக்குள். காலை பத்து மணிக்கு பிஸ்கற், மத்தியானம் பக்கற் நூடில்ஸ், பின்னேரம் மீண்டும் பிஸ்கற். அமெரிக்காவில் சிறு வகுப்புப் பிள்ளைகளைத் தொடர்ந்து நிறுத்துப் பார்த்த ஆய்வுகளில், உடற்பருமன் கூடுவது பாடசாலைத் தவணைகளைவிடக் கோடை விடுமுறைகளிலேயே என்று கண்டார்கள். விடுமுறைப் பசி எப்போதும் மெலிந்த பிள்ளையாக எங்கள் முன் வருவதில்லை. வயிறு நிறைந்து, இரத்தம் குறைந்து வரும் பிள்ளையும் அதே பசியோடுதான் வருகிறது.

"மண்டபத்தில் சாப்பாடு இருக்கிறதே, பிள்ளைகளை அனுப்பவில்லையா அக்கா?" என்று கேட்டால், அநேகமாக ஒரே பதில்தான் வரும். "அது கஷ்டப்பட்ட ஆக்களுக்கு எண்டு நினைச்சம் டொக்டர்." தாங்கள் கஷ்டப்படுவதைத் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளாதவர்கள் நாங்கள். அது எங்கள் சமூகத்தின் பலமும் கூட.

செய்தி எப்படிப் போயிருந்தது என்று பார்த்தோம். பாடசாலை வழியாக மின்னஞ்சல் ஒன்று. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். அதில் ஒரு இணைப்பு, ஒரு குறியீட்டெண், நடுவில் 'தகுதியுடைய குடும்பங்கள்' என்று ஒரு சொல். எங்கள் தாய்மார் பலர் மின்னஞ்சல் திறப்பதே இல்லை. அவர்கள் காலையில் எழுந்து முதலில் பார்ப்பது வட்ஸ்அப். ஆகவே நாங்கள் நான்கு வரியில் தமிழில் எழுதினோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் குழுவிலும் கோயில் குழுவிலும் போட்டோம். பதிவு வேலையை மண்டபத்து வாசலிலேயே நாங்கள் இருந்து செய்து கொடுத்தோம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அந்த நான்கு வரியையும் தன் குரலில் சொல்லி அனுப்பினார். அந்தப் பெற்றோரில் சிலர் அவரிடம் படித்தவர்கள். "ரீச்சர் கூப்பிடுறா" என்று வந்தார்கள். முதல் நாள் ஒரு மேசைக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாம் கிழமை மேசைகள் போதாமல் பாய் விரித்தோம்.

இதிலிருந்து நாங்கள் விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொன்னால்: எங்கள் ஊரில் கலியாணத்துக்கு அட்டை அனுப்பினால் மட்டும் போதாது, வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டுப் பந்தியில் யாரும் உட்காருவதில்லை. விடுமுறைச் சாப்பாட்டுக்கும் அதே வழக்கம்தான். சாப்பாடு இருக்கிறது என்ற தகவலைக் கேட்டு யாரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். தங்களைக் கூப்பிட்டதாக உணர்ந்தால் அனுப்புவார்கள்.

இப்போது இங்கே, எங்கள் கல்லூரி மண்டபத்துக்கு வருவோம்.

அழைப்பில் இருக்க வேண்டியவை ஐந்து: எங்கே, எந்த நாட்கள், எத்தனை மணிக்கு, யார் வரலாம், இன்றைக்கு என்ன சாப்பாடு. இருக்கக்கூடாத சொற்கள் சில உண்டு. 'வறிய', 'பாதிக்கப்பட்ட', 'வறுமைக்கோட்டுக்கு உட்பட்ட', 'தெரிவு செய்யப்பட்ட பயனாளிகள்'. இவை கணக்கறிக்கைக்கு உரிய சொற்கள். ஒரு பிள்ளை இந்தச் சொற்களுக்கு அடியில் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் எழுதிப் பார்த்த அழைப்பு இது:

"வணக்கம். ஓகஸ்ட் விடுமுறையில் திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் கல்லூரி மண்டபத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு, கதை, சித்திரம், மதியச் சாப்பாடு. காலை 10 மணி முதல் 1.30 வரை. சாப்பாடு 12 மணிக்கு. 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் வரலாம், பெடியளும் வரலாம். பதிவு இல்லை, காசு இல்லை. தம்பி தங்கச்சியையும் கூட்டி வாருங்கோ. இன்றைக்குச் சோறு, பருப்பு, முட்டைக் குழம்பு, முருங்கையிலை வறை."

இவ்வளவுதான். கடைசி வரி மட்டும் தினமும் மாறும். காலை ஏழு மணிக்கு அது தாயின் கைத்தொலைபேசிக்குப் போக வேண்டும், அடுப்பில் என்ன வைப்பது என்று அவள் யோசிக்கும் நேரம் அது. முதல் அழைப்பு மட்டும் விடுமுறைக்கு ஒரு கிழமை முன்னர், இரவு எட்டு மணிக்குப் பிறகு போகட்டும். அந்த நேரம்தான் தோட்டவேலை, கடைவேலை முடித்தவர்கள் போனைக் கையில் எடுக்கிறார்கள். பெரிய காணொளி வேண்டாம். மாத முடிவில் டேற்றா தீர்ந்த போனில் அது திறக்காது. எழுத்தும் ஒரு நிமிடக் குரல் பதிவும் போதும். குரல் ஊருக்குத் தெரிந்த குரலாக இருக்க வேண்டும். எங்களைப் போல வெளியிலிருந்து வரும் குரலைவிட, இந்த ஊரில் நாற்பது வருடம் படிப்பித்த ஒரு ஆசிரியையின் குரலுக்கு மதிப்பு அதிகம்.

முகநூல் பக்கத்தில் போடுவதும் நல்லதுதான். ஆனால் அதைப் பார்ப்பவர்களில் பெரும்பகுதி ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் நாங்கள்தான். நாங்கள் ஆயிரம் தரம் விரும்பி அழுத்தினாலும் கல்லூரிக்குப் பின்புற ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அது தெரியப் போவதில்லை. போன் இல்லாத வீடும் உண்டு, ஒரே போனை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விட்ட வீடும் உண்டு. ஆகவே அதே அழைப்பை ஒரு தாளில் எழுதி சனசமூக நிலையத்திலும் சங்கக்கடையிலும் ஒட்டுங்கள். முன்பள்ளி ஆசிரியையிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எந்தப் பட்டியலையும் விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வாயால் ஒருமுறை "அனுப்பி விடுங்கோ" என்று சொன்னால் போதும். கோயில் ஒலிபெருக்கியிலும் ஞாயிறு பூசை முடிவிலும் வாசிக்கக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சொற்கள் இருக்கட்டும்.

"எல்லாப் பிள்ளைகளும்" என்று எழுதினால் வசதியுள்ள பிள்ளைகளும் வந்துவிடுமே, அஸ்வெசும பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். கேட்பது நியாயம், காசு எல்லோரும் வியர்வை சிந்தி அனுப்பும் காசு. எங்கள் பதில் இதுதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு கோப்பைச் சோறு சாப்பிடுவது நட்டம் அல்ல. அந்தப் பிள்ளை பக்கத்தில் இருப்பதால்தான் வீட்டில் சோறில்லாத பிள்ளை யாருக்கும் தெரியாமல் சாப்பிட முடிகிறது. இது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தத்துவமும் அல்ல. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் முருகனை அன்னதானக் கந்தன் என்று கும்பிடுகிறோம். அங்கே பந்தியில் உட்காரும் யாரிடமாவது வருமானம் கேட்டது உண்டா? நல்லூர்த் திருவிழாக் காலத் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிப்பவரிடம் அட்டை கேட்பது உண்டா? அமெரிக்கர்கள் 'திறந்த இடம்' என்று சட்டத்தில் எழுதி வைத்ததை எங்கள் ஊர் மடங்கள் சட்டமில்லாமலே செய்து வந்திருக்கின்றன.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். ஆனாலும் சொல்லாமல் போனால் இந்த உரைக்குப் பயனில்லை. பிள்ளைகள் சாப்பிடும் படங்களை இணையத்தில் போட வேண்டாம்.

இன்று எங்கள் முகநூல் பக்கங்களைத் திறந்தால், பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் வழங்கிய மதிய உணவுப் படங்கள் வரிசையாக வருகின்றன. பின்னால் பதாகை, அதில் கொடுத்தவரின் படம், முன்னால் கோப்பையோடு பிள்ளைகள். கொடுப்பவரின் மனம் நல்ல மனம். அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள்.

எங்களுக்கு அந்தப் பக்கம் தெரியும். இங்கே இருப்பவர்களில் எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நாங்கள் சின்ன வகுப்புகளில் படித்துக்கொண்டிருந்தோம். போய்ச் சேர்ந்த இடங்களில் முன்பின் தெரியாத வீடுகளில் கிடாரம் வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். "பிள்ளையள், வாங்கோ" என்ற ஒரு சொல்லோடு தேங்காய்ச் சிரட்டையிலும் பேணியிலும் ஊற்றித் தந்தார்கள். அந்த வீட்டுக்காரரின் பெயர் எங்களில் பலருக்குத் தெரியாது. அந்தக் கஞ்சியின் ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது. பிறகு நிவாரண வரிசையில் நின்ற நாட்களும் உண்டு. ஒரு இடத்தில், தருபவரின் கையும் எங்கள் கையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்த பிறகே பை கைக்கு வந்தது. பைக்குள் என்ன இருந்தது என்பது மறந்து போயிற்று. படம் எடுக்கும்போது நிலத்தைப் பார்த்தது மறக்கவில்லை.

அந்தப் படங்கள் இந்நேரம் எங்காவது ஒரு அலுமாரிக்குள் மங்கிப்போயிருக்கும். இன்று எடுக்கும் படம் மங்காது. மூன்றாம் வகுப்பில் கோப்பையோடு இருந்த பிள்ளை உயர்தரம் படிக்கும்போதும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், கலியாணம் பேசும்போதும் அது ஒரு தேடலில் வந்து நிற்கும். அதுமட்டுமல்ல, பிள்ளைகள் எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருடைய மேற்பார்வையில் கூடுகிறார்கள் என்பதை முகத்தோடு உலகத்துக்குக் காட்டுவது பாதுகாப்பும் அல்ல. வேறு ஒரு விளைவும் உண்டு. முதல் நாள் படம் வெளிவந்தால், இரண்டாம் நாள் சில பிள்ளைகள் வரமாட்டார்கள். வராமல் போகும் அந்தப் பிள்ளைக்காகத்தானே இந்த அடுப்பையே மூட்டுகிறோம்.

ஆனால் காசு கொடுத்தவருக்கு ஒன்றும் காட்டாமல் விடவும் கூடாது. கணக்குக் கேட்பது அவர்களின் உரிமை. கொடுப்பவர்களுக்கென்று தனியாக ஒரு வட்ஸ்அப் குழு இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் அதில் மூன்று விடயம் போகட்டும்: இன்று எத்தனை கோப்பை, இன்று என்ன கறி, இன்றைய பற்றுச்சீட்டு. படம் வேண்டுமென்றால் கொதிக்கும் பானையை எடுங்கள், ஆய்ந்த முருங்கையிலையை எடுங்கள், கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பைகளை எடுங்கள். கவிழ்த்த கோப்பைகள் போதிய சாட்சி. யாருடைய நினைவாகக் கொடுத்தது என்பதை வருட முடிவில் சங்க அறிக்கையில் அச்சிடுவோம். தான் சாப்பிடுவது யாருடைய திவசச் சாப்பாடு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

மருத்துவர்களாகச் சமையல் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று கணக்கு வைத்தால் 60 பிள்ளைகளுக்கு 6 கிலோ. காசு குறைந்தால் அரிசியைக் கூட்டிக் கறியைக் குறைக்கும் பழக்கம் எல்லாக் குசினியிலும் உண்டு. அதைத் தவிருங்கள். பிள்ளைக்கு வேண்டியது முட்டை, நெத்தலி, பருப்பு, கௌபி, கடும்பச்சை இலை. இலைக்கறியில் தேசிக்காய் பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ கொடுத்தால் அது குறையும். காலை ஆறு மணிக்குச் சமைத்துப் பார்சல் கட்டி வைக்காதீர்கள். சோறு வெந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் கிருமி பெருகும். கச்சான், முட்டை, மீன் ஒத்துக்கொள்ளாத பிள்ளை யார் என்று முதல் நாளே கேளுங்கள். தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, கிணற்றுத் தண்ணீரையும் குசினியையும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையைக் கூட்டி வரும் தாய்க்கும் ஒரு கோப்பை வையுங்கள். தாய் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடாது.

வெளிநாடுகளில் இருக்கும் தோழிகளிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, ஒரு நாள் பெரிய விருந்துக்குக் கொடுப்பதைவிட விடுமுறை முழுவதும் சாதாரணச் சாப்பாட்டுக்குக் கொடுங்கள். ஓகஸ்டோடு நில்லாமல் ஏப்ரலும் டிசெம்பரும் வரும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு, நீங்கள் இருக்கும் நகரிலும் பாருங்கள். அங்கும் விடுமுறை வருகிறது, அங்கும் எங்கள் தாய்மார் "அது எங்களுக்கு இல்லை" என்று இருக்கிறார்கள். உங்கள் நகரசபையின் அறிவித்தலை எடுத்து, நான்கு வரியில் தமிழில் எழுதி, உங்கள் தமிழ்ப் பாடசாலைக் குழுவில் போட அரை மணித்தியாலம் போதும். மூன்று, படம் கேட்காதீர்கள். நீங்கள் கேட்காமல் விட்டால், இங்கே எடுப்பவர்களும் எடுக்கமாட்டார்கள்.

நூறு வருடங்களாக இந்தக் கல்லூரி வாசலால் பிள்ளைகள் உள்ளே வந்திருக்கிறார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வெள்ளைச் சீருடையில் வந்தோம். யார் வீட்டில் அன்று காலை என்ன இருந்தது என்று அந்தச் சீருடை யாருக்கும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பாணும் சம்பலும் கொண்டுவந்தவளும் இடியப்பம் கொண்டுவந்தவளும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். ஒன்றும் கொண்டுவராதவளுக்கு யாரோ ஒருத்தி பெட்டியைத் தள்ளிவிட்டாள், பேச்சை நிறுத்தாமலே. இந்தத் திட்டத்துக்கு நாங்கள் கேட்பது அவ்வளவுதான். பெட்டியைத் தள்ளிவிடுவோம், பேச்சை நிறுத்தாமல்.

மண்டபக் கதவு ஓகஸ்ட் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கும் என்று சங்கம் சொல்லியிருக்கிறது. காலையில் தேங்காய் துருவவும், பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கவும், வலைப்பந்து சொல்லிக் கொடுக்கவும் கைகள் தேவை. ஊரில் இருப்பவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். எங்களில் விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் வந்து கோப்பை கழுவுவோம்.